மூச்சு நிற்கிறது தம்பி, முதலில் அதைப் பார்

அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். 2009-லிருந்து 2016 வரை 'மேவ்னி' என்று ஒரு திட்டம் இருந்தது. க்ரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழி தெரிந்தவர்கள் என்று ராணுவத்தில் சேர்த்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. எம்.எஸ். படிக்க வந்த பையன்கள் அப்படிச் சீருடை போட்டு, குடியுரிமை வாங்கி, சேவை முடித்து இப்போது ஐ.டி. வேலையில் இருக்கிறார்கள். வயது முப்பதைத் தாண்டி நாற்பதைத் தொடுகிறது.

பிறந்தநாள், வளைகாப்பு என்று எங்கே பார்த்தாலும் இவர்களில் ஒருவராவது சாப்பிட்ட கையோடு சோபாவில் சாய்ந்து தூங்கிவிடுகிறார். குறட்டை ஏறிக்கொண்டே போகும். திடீரென்று சத்தம் நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் மேலும் கீழும் போகும், ஆனால் மூக்கில் காற்று இருக்காது. பிறகு ஒரு பெரிய இழுப்பு, மறுபடி குறட்டை. பெரியவர்கள் "பிள்ளை பாவம், அசந்து தூங்குது" என்கிறார்கள். ஸ்லீப் லேபில் இரவு ஷிப்ட் பார்த்தவள் நான்; எனக்கு அந்த அமைதியான சில விநாடிகள்தான் கண்ணில் படும். தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக் குழாயை அடைத்துக்கொள்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி உடம்பை உலுக்கி எழுப்புகிறது. இதற்குத்தான் ஸ்லீப் ஆப்னியா என்று பேர். இது இரவு முழுக்க நடக்கும். காலையில் தலைவலி, பகலில் கண் அசதி, காரணமில்லாத கோபம், ஏறும் ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு என்று விலை கொடுப்பது உடம்பு.

முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அரசுத் துறைதான் வி.ஏ. "வி.ஏ.வில் போய்க் காட்டு" என்று இவர்களிடம் சொன்னால் உடனே வரும் கேள்வி: "அக்கா, அதுக்கு 50 பர்சென்ட் கொடுக்கிறாங்களாமே?" சேவையால் வந்த பாதிப்புக்கு வி.ஏ. போடும் இழப்பீட்டு ரேட்டிங்கைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் தப்பில்லை, உனக்குச் சேர வேண்டியதைக் கேட்பதில் வெட்கப்படவும் வேண்டாம். ஆனால் அந்த 50 பர்சென்ட் கிடைக்குமா கிடைக்காதா என்று யோசித்தே வருடக்கணக்கில் சோதனைக்குப் போகாமல் இருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வி.ஏ.வில் சிகிச்சை கொடுக்கிற துறை வேறு, இழப்பீடு கொடுக்கிற துறை வேறு. ராணுவச் சேவையால்தான் உனக்கு ஸ்லீப் ஆப்னியா வந்தது என்று நிரூபிக்காமலே, வி.ஏ. மருத்துவத்தில் பதிவு செய்த யாரும் சோதனை செய்துகொள்ளலாம், மூச்சுக்கு உதவும் மெஷின் வாங்கலாம். க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டாலும் சிகிச்சை நிற்காது.

முதலில் உள்ளே போ

பதிவுக்கு 10-10 ஈ.இஸட். படிவம். ஆன்லைனிலோ போனிலோ தபாலிலோ செய்யலாம். சேவை முடித்தபோது கொடுத்த டி.டி. 214 காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்.

"எனக்குச் சம்பளம் அதிகம், சேர்க்கமாட்டாங்க" என்று நீயே முடிவு கட்டாதே. வருமான வரம்பு எல்லோருக்கும் பொருந்தாது. 10 பர்சென்ட் ரேட்டிங் ஏதாவது இருந்தாலே, அது காதிலோ முழங்காலிலோ எதற்காக இருந்தாலும், வருமானம் தடையில்லை. 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டம் இன்னும் கதவைத் திறந்துவிட்டது. 2024 மார்ச் 5-லிருந்து, ஈராக், ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களுக்குப் போனவர்களும், பணியில் நச்சுப் புகை, ரசாயனம் போன்றவற்றின் பக்கத்தில் இருந்தவர்களும் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்காமலே மருத்துவத்தில் நேராகப் பதிவு செய்யலாம். அமெரிக்காவுக்குள்ளேயே பயிற்சியில் அப்படி மாட்டியிருந்தாலும் கணக்கில் வரும்.

கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு: இரண்டும் ஒன்றாக இருக்கலாம். சேவையோடு தொடர்பில்லாத நோய்க்கு வி.ஏ. உன் இன்சூரன்ஸுக்கு பில் அனுப்பும். அவர்கள் கொடுக்காத மிச்சத்தை உன்னிடம் கேட்காது. ரேட்டிங் எதுவும் இல்லாதவர்களில் வருமானம் கூடியவர்களுக்கு ஒரு கோ-பே உண்டு: வழக்கமான டாக்டரைப் பார்க்க 15 டாலர், ஸ்பெஷலிஸ்டுக்கு 50. வெளியே ஒரு தூக்கப் பரிசோதனைக்கு டிடக்டிபிள் கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

டாக்டரிடம் என்ன சொல்வது

நேராக ஸ்லீப் கிளினிக்குக்குப் போக முடியாது. பிரைமரி கேர் டாக்டர் அனுப்ப வேண்டும். நம் ஆண்பிள்ளைகள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "கொஞ்சம் டயர்டா இருக்கு" என்று நிறுத்திக்கொள்வார்கள். டயர்டு என்றால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விவரமாகச் சொல். மனைவி பார்த்து மூச்சு நிற்கிறது என்கிறாள். நெடுஞ்சாலையில் ஓட்டும்போது கண் செருகுகிறது. இரவில் இரண்டு மூன்று முறை பாத்ரூம் போக எழுகிறேன். காலையில் வாய் வறண்டு தலை கனக்கிறது. எனக்குத் தூக்கப் பரிசோதனை வேண்டும். இதையே வி.ஏ. இணையதளத்தின் செக்யூர் மெசேஜில் எழுதி அனுப்பிவிட்டால், பதிவாகவும் இருக்கும், அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

தம்பியின் பொண்டாட்டி இதைப் படித்தால், உனக்கு ஒரு வேலை. போனைத் தலைமாட்டில் வைத்து, அவன் மல்லாந்து தூங்கும்போது ஒரு வீடியோ எடு. முகமும் நெஞ்சும் தெரிய வேண்டும். சத்தம் நின்று மறுபடி மூச்சு இழுக்கிற வரை எத்தனை விநாடி என்று எண்ணிப் பார். பத்து விநாடிக்கு மேல் நின்றால் மருத்துவக் கணக்கில் அது ஒரு ஆப்னியா. அந்த வீடியோவை டாக்டரிடம் காட்டினால் அதற்குப் பிறகு யாரும் "பார்க்கலாம்" என்று தள்ளிப்போட மாட்டார்கள்.

"நான் குண்டாவே இல்லையே" என்று ஒதுங்காதே. ஆசிய முக அமைப்பில் தாடை கொஞ்சம் உள்வாங்கி, தொண்டையில் இடம் குறைவாக இருக்கும். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே இது வருகிறது. சேவை பார்த்த தங்கச்சிகளும் கவனிக்கணும். பெண்களுக்குப் பல நேரம் குறட்டை பெரிதாகத் தெரியாது. தூக்கம் வராமை, காலைத் தலைவலி, மனச்சோர்வு என்றுதான் வெளியே வரும், டிப்ரெஷனுக்கு மாத்திரை எழுதிவிட்டு ஆப்னியாவைக் கோட்டை விட்டுவிடுவார்கள். வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்போது பெரும்பாலும் வீட்டுப் பரிசோதனைதான். தபாலில் ஒரு சின்னப் பெட்டி வரும், இல்லையென்றால் கிளினிக்கில் கொடுப்பார்கள். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு மெல்லிய ட்யூப், நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட். சில வகை மணிக்கட்டிலேயே முடிந்துவிடும். அன்று வழக்கம்போலச் சாப்பிடு, வழக்கம்போலப் படு. மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்குக்கு ஏ.எச்.ஐ. என்று பேர். 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை.

இதில் ஒன்றை மட்டும் மறக்காதே. வீட்டுப் பெட்டிகளில் பல, நீ தூங்கினாயா விழித்துக் கிடந்தாயா என்று பார்ப்பதில்லை. மாட்டியிருந்த மொத்த நேரத்தால் வகுத்துவிடும். பாதி ராத்திரி புரண்டுகொண்டே கிடந்தால் எண் குறைவாகத்தான் வரும். "நார்மல்" என்று வந்தும் உன் அசதி போகவில்லையென்றால், லேபில் இரவு தங்கிச் செய்யும் முழுப் பரிசோதனையைக் கேள்.

தேதி வெகு தூரத்தில் கொடுக்கிறார்களா? 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த மிஷன் சட்டப்படி, ஸ்பெஷலிஸ்டுக்கு 28 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டுமென்றாலோ, கார் பயணம் சராசரியாக 60 நிமிஷத்துக்கு மேல் என்றாலோ, வி.ஏ. செலவிலேயே வெளி டாக்டரிடம் போகலாம். கம்யூனிட்டி கேர் என்று கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்லாவிட்டால் நீ கேள். வி.ஏ.வின் அனுமதி கைக்கு வந்த பிறகே வெளியே போ. முன்கூட்டிப் போய்விட்டால் பில் உன் தலையில் விழும்.

மாஸ்க்: முதல் மாதம்தான் எல்லாம்

1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் மூக்கு வழியாகத் தொடர்ந்து லேசான அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து அந்த அடைப்பைத் திறந்து காட்டினார்கள். இன்றைக்கும் முதல் சிகிச்சை அதே சிபேப் மெஷின்தான். மெஷின், மாஸ்க், ஹோஸ், பில்டர் எல்லாம் வி.ஏ. கொடுக்கும். ஆனால் கொடுத்த மெஷின் அலமாரியில் தூங்கினால் யாருக்கு என்ன பயன்? நான் பார்த்தவரை கைவிடுகிறவர்கள் முதல் சில வாரங்களில்தான் கைவிடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் மாஸ்க் சரியில்லாததால். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மாஸ்க்கை உட்கார்ந்து அளவு பார்க்காதே. படுத்து, மெஷினை ஓட விட்டு, காற்று வரும்போது பட்டையைச் சரிசெய். படுத்ததும் கன்னத்துச் சதை சரிந்து முகத்தின் வடிவம் மாறிவிடும். உட்கார்ந்து கச்சிதமாக இருந்தது படுத்ததும் கண் பக்கம் காற்றைக் கக்கும். காற்று ஒழுகினால் பட்டையை இழுத்து இறுக்குவதுதான் எல்லோரும் செய்கிற வேலை. இறுக்க இறுக்க சிலிக்கான் மெத்தை நசுங்கி இன்னும் ஒழுகும், காலையில் மூக்குத் தண்டில் சிவப்புத் தழும்பு. மாஸ்க்கை முகத்திலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்துப் பிடித்து, மெத்தை காற்றால் உப்பியதும் மெதுவாகத் திரும்ப வை. பட்டைக்குக் கீழே ஒரு விரல் போகணும்.

தலைக்கு எண்ணெய் வைத்து, முகத்துக்கு க்ரீம் போட்டுப் படுக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மாஸ்க் போடும் முன் முகத்தை சோப்பு போட்டுக் கழுவிவிடு. எண்ணெய் பட்டால் சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். உதட்டிலும் மூக்கிலும் வாசலின் வேண்டாம். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் கேட்டு வாங்கு. மெத்தையை தினமும் காலையில் துடைத்துவிடு, வாரம் ஒரு முறை ஹோஸையும் தண்ணீர்த் தொட்டியையும் லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயப்போடு. ஹ்யூமிடிபையருக்கு டிஸ்டில்டு வாட்டர். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்று.

வாய் வறண்டு எழுந்தால் தூக்கத்தில் வாய் திறக்கிறது என்று அர்த்தம். ஹ்யூமிடிபையரைக் கூட்டிப் பார், மூக்கடைப்பு இருந்தால் அதற்கு டாக்டரிடம் ஸ்ப்ரே கேள், அதற்கும் சரியாகாவிட்டால் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறு. மீசை, தாடி வைத்தவர்களுக்கு மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் பில்லோ வகை நன்றாகப் பொருந்தும். முதல் மாஸ்க் பிடிக்காவிட்டால் வேறு கேட்க உனக்கு உரிமை உண்டு. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. கிளினிக்குக்கு மெசேஜ் போடு.

முகத்தை மூடியதும் நெஞ்சு படபடக்கிறதா? கேஸ் மாஸ்க் போட்டுப் பயிற்சி எடுத்தவர்களுக்கும், போர்முனையில் எதையாவது பார்த்து பி.டி.எஸ்.டி.யோடு வந்தவர்களுக்கும் இது சகஜம். இதைப் பலவீனம் என்று நினைத்து மறைக்காதே தம்பி. பகலில், டி.வி. பார்த்துக்கொண்டு, மெஷினில் மாட்டாமல் மாஸ்க்கை மட்டும் கையால் பிடித்து முகத்தில் வை. அது பழகியதும் பட்டை போடு. பிறகு காற்றை விடு. பிறகு ஒரு மதியத் தூக்கம். அதற்கப்புறம் ராத்திரி. மெஷினில் ராம்ப் என்று ஒரு வசதி உண்டு, அழுத்தம் குறைவாக ஆரம்பித்து மெதுவாக ஏறும்; அதைப் போட்டுக் கொடுக்கச் சொல். கெட்ட கனவும் தூக்கமின்மையும் சேர்ந்தே இருந்தால் வி.ஏ.விலேயே தூக்கத்துக்கான பேச்சு சிகிச்சை இருக்கிறது, சி.பி.டி.-ஐ என்று கேள். ஆப்னியாவுக்குச் சிகிச்சை பார்க்காமல் தூக்க மாத்திரையோ இரவில் மதுவோ வேண்டவே வேண்டாம். தொண்டைச் சதை இன்னும் தளரும். முதுகு வலிக்கு ஓபியாய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும்.

மெஷினில் இருக்கிற மோடம் தினமும் எத்தனை மணி நேரம் போட்டாய், எவ்வளவு ஒழுகியது, மிச்சம் எத்தனை முறை மூச்சு நின்றது என்று கிளினிக்குக்கு அனுப்பிவிடும். அதனால் பல சந்திப்புகள் வீட்டிலிருந்தே வீடியோவில் முடிந்துவிடும். பில்டர், மெத்தை, ஹோஸ் தீர்ந்தால் வி.ஏ. இணையதளத்தில் ஆர்டர் செய், வீட்டுக்கு வந்துவிடும். கடையில் காசு கொடுத்து வாங்காதே.

இன்னொன்று. மாமா ஒருவர் விட்டுப்போன பழைய மெஷினை எடுத்துப் போட்டுக்கொள்வது நம் குடும்பங்களில் நடக்கிறது. அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு. அதோடு 2021 ஜூனில் பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் தன் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. உள்ளே சத்தம் குறைக்க வைத்த ஃபோம் பொடிந்து மூச்சோடு போகலாம் என்பதால். முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் அதில் ஒன்று. பழையது கையில் இருந்தால் பயன்படுத்தாமல் கிளினிக்கில் கேள்.

எவ்வளவு முயன்றும் மாஸ்க் ஒத்துவரவில்லையென்றாலும் வழி இருக்கிறது. லேசானது, நடுத்தரமானது என்றால் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கும் பல் கருவி உதவும். நாக்கின் நரம்பைத் தூண்டும் சின்னக் கருவியை நெஞ்சுத் தோலுக்குள் பதிக்கும் அறுவை சிகிச்சையை 2014-இல் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. உடல் பருமனோடு நடுத்தர, கடும் ஆப்னியா உள்ளவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை 2024 டிசம்பரில் அனுமதித்தார்கள். எடை குறைக்க 'மூவ்' என்ற திட்டம் வி.ஏ.விலேயே நடக்கிறது. உனக்கு எது பொருந்தும் என்பதை ஸ்லீப் டாக்டர்தான் சொல்லணும்.

இனி அந்த 50 பர்சென்ட்

சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கட்டும், இதைப் பக்கத்தில் பார். முதல் நாளே 'இன்டென்ட் டு ஃபைல்' போட்டுவிடு. அதற்குப் பிறகு முழு விண்ணப்பம் கொடுக்க ஒரு வருஷம் அவகாசம், ஜெயித்தால் பணம் பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்தே கணக்கிடப்படும். இந்த ஒன்றைச் செய்துவிட்டால் நிம்மதியாக மருத்துவம் பார்க்கலாம்.

நீ கேள்விப்பட்ட 50 பர்சென்ட், சிபேப் போன்ற கருவி அவசியம் என்ற நிலைக்கு விதியில் எழுதியிருப்பது. கருவி இல்லாமல் பகல் தூக்கம் மட்டும் தொடர்ந்து இருந்தால் 30. இந்த அளவுகோலை மாற்ற வி.ஏ. 2022 பிப்ரவரியில் முன்மொழிந்தது, அதனால் விண்ணப்பிக்கும் நாளில் என்ன விதி என்று பார்த்துக்கொள். மெஷின் இருப்பதால் மட்டும் எதுவும் கிடைக்காது. நோய்க்கும் சேவைக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும். பேக்ட் சட்டத்தின் தானாக ஏற்றுக்கொள்ளும் நோய்ப் பட்டியலில் ஸ்லீப் ஆப்னியா கிடையாது. நாள்பட்ட மூக்கழற்சியும் சைனஸும் உண்டு, அவற்றின் வழியாகவோ பி.டி.எஸ்.டி. வழியாகவோ ஆப்னியா வந்தது என்று டாக்டர் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் இரண்டாம் நிலைத் தொடர்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. பாரக்ஸில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் "இவன் குறட்டையில் மூச்சு நின்று எழுந்ததை நான் பார்த்தேன்" என்று எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு. சேவைக் காலத்திலேயே கல்யாணம் ஆகியிருந்தால் மனைவியும் எழுதலாம்.

இதற்கு யாருக்கும் காசு கொடுக்காதே. முதல் விண்ணப்பத்தைத் தயாரிக்கக் கட்டணம் வாங்க யாருக்கும் சட்டத்தில் இடமில்லை. வரப்போகும் பணத்தில் பங்கு கேட்டு விளம்பரம் செய்கிறவர்கள் பக்கமே போகாதே. டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜியன் அமைப்புகளின் சர்வீஸ் ஆபீசர்களும், பல கவுன்டிகளில் இருக்கும் வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீசரும் இலவசமாகவே செய்து தருவார்கள். 30 பர்சென்ட் ரேட்டிங்கோ அதற்கு மேலோ இருந்தால் வி.ஏ. அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போய்வரும் கார் செலவையும், ஒரு சிறு கழிவு போக, மைலுக்கு 41.5 சென்ட் என்று கேட்டு வாங்கலாம். போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்கணும், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஊருக்குப் போகும்போது

மெஷினை விட்டுவிட்டுப் போகாதே. ஒரு மாதம் போடாமல் இருந்தால் அந்த ஒரு மாதமும் மூச்சு நிற்கத்தான் செய்யும், திரும்பி வந்து பழகுவதும் கஷ்டம். செக்-இன் பெட்டியில் போடாமல் கையில் எடுத்துப் போ. மருத்துவக் கருவி என்பதால் அமெரிக்க விமான விதிப்படி கைப்பை எண்ணிக்கையில் அதைச் சேர்க்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து துடைத்து வை, இல்லாவிட்டால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கிவிடும். அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார். இருந்தால் இந்தியாவில் பின் மட்டும் மாற்றினால் போதும். அம்மா வீட்டில் கட்டில் பக்கத்தில் ப்ளக் பாயின்ட் இருக்காது, நீளமான எக்ஸ்டென்ஷன் கார்டு ஒன்று வாங்கச் சொல்லி வை, இன்வெர்ட்டர் லைனில் மாட்டச் சொல். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை டிஸ்டில்டு வாட்டர் என்று யாராவது நீட்டினால் வாங்காதே. கொதிக்க வைத்து ஆறிய குடிதண்ணீரைத் தினமும் மாற்றி ஊற்றினால் சில வாரங்களுக்குப் போதும். டாக்டர் எழுதிய சீட்டின் படம் ஒன்று போனில் இருக்கட்டும். அங்கே பல் பிடுங்கவோ வேறு அறுவைக்கோ மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால், ஆப்னியா இருக்கிறது என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, மெஷினையும் கையோடு எடுத்துப் போ.